குடைக்காரன் படம் காட்டிய சனிக்கிழமை

எங்கள் தோட்டத்துத் திடலில் குடைக்காரன் படம் காட்டிய நாள் ஒரு சனிக்கிழமை. தேதி எனக்குத் தெரியாது. கிழமை நிச்சயமாகத் தெரியும். மறுநாள் பெரட்டு இல்லை என்பது முதல் சான்று. விடிவதற்கு முன் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த வரிசை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருக்காது என்பதை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது சான்று அப்பாவின் தலை. அன்று அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார். திடலில் அவர் முன்னால் உட்கார்ந்திருக்க, பின்னால் இருந்த எனக்குச் சீயக்காய் வாசனை வந்துகொண்டே இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆண்கள் எண்ணெய்க் குளியல் எடுப்பது சனிக்கிழமையில்தான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மா எனக்கு எடுத்திருந்த பச்சைத் துணி இன்னும் தைக்கப்படாமல் தகரப் பெட்டியில் கிடந்தது. ஆண்டைச் சொல்ல நான் கணக்குப் போட வேண்டியதில்லை. பர்மிட் சட்டம் வந்த ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது என்பது உங்களுக்கே தெரியும். எனக்குப் பத்து வயது.

தோட்டம் செரம்பான் பக்கம், சுவாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கில் இருந்தது. இப்போது அங்கே ரப்பர் மரமும் இல்லை, அதற்குப் பிறகு நட்ட செம்பனையும் இல்லை. திடல் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. தோட்டத்தில் நடந்ததையெல்லாம் நாள் கிழமையோடு எழுதி வைப்பது என் பழக்கம்; அதற்காகக் கோல்கம்பங்கள் நின்ற இடத்தை இரண்டு முறை போய்த் தேடினேன். எந்த வீட்டின் சமையலறை அது என்று முடிவு செய்ய முடியவில்லை.

அந்த இரண்டு கோல்கம்பங்களுக்கு நடுவில்தான் திரை கட்டுவார்கள். வருடத்துக்கு இரண்டு முறை படக்கார லோரி வரும். பெரும்பாலும் ஆங்கிலப் படம்தான். குதிரை, துப்பாக்கி, தூசி. தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவை பிடிக்கும் என்று சொல்வார்கள். ஆனால் துரை முதல் சுருள் முடிவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். மற்ற எல்லாரும் சாக்கு விரித்துத் தரையில் உட்காருவோம். கச்சாங் பூத்தேக்காரர் காகிதக் கூம்புகளோடு சுற்றி வருவார். வறுத்த கடலையும் ஜெனரேட்டர் புகையும் கலந்த வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் நான் நின்றுவிடுவேன்.

படத்தில் பேசுவது எங்களுக்குப் புரியாது. அதனால் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று தமிழில் படம் சொல்வார். பல வருடங்களாக அந்த வேலையைச் செய்தவர் கிராணி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை முழுக்கால் சட்டை, சைக்கிள், மூக்குக் கண்ணாடி. தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை எல்லாம் அவர்தான். படத்தையும் அவர் நோட்டீஸ் படிப்பது போலவே சொல்வார். ‘இப்பொழுது கதாநாயகன் கோபம் அடைகிறான்’ என்பார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கதாநாயகன் நான்கு பேரை அடித்துப் போட்டிருப்பான். லயத்துப் பெண்கள் பாதிப் படத்தில் பிள்ளைகளைப் போலவே தூங்கிவிடுவார்கள்.

அந்த முறை கிராணியே சித்தப்பாவைக் கூப்பிட்டு, மைக்கை அவரிடம் கொடுப்பதாகச் சொன்னார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடு இருந்தார். முப்பதுக்குச் சில வருடங்கள் குறைவு. ரப்பர் பால் வெட்டப் போகும்போதும் வரும்போதும் யாரையாவது போலப் பேசிக்கொண்டே வருவார். வேலை வாங்கும் மண்டோர், மிஷின் ஓட்டும் சீனர், குழந்தை பெற்ற வீட்டில் சண்டை போடும் மாமியார், எல்லாரும் அவர் தொண்டையில் இருந்தார்கள். மைக் கிடைக்கும் என்றதும் அவர் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அதே படத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் காட்டினார்கள். சைக்கிளில் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார். சனிக்கிழமை காலை, கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டே எனக்குக் கதை சொன்னார்.

"குடை விக்கிறவன் பாப்பா. மழையே இல்லாத ஊருக்குப் போயி குடை விக்கிறான்."

"யாரு வாங்குவா?"

"அதான் கதையே. குடையெல்லாம் நீளமா ஒரு பெட்டியில வெச்சிருக்கான். ஊர்க்காரனுங்க அத துப்பாக்கின்னு நெனைச்சு நடுங்குறானுங்க. ஏன் நடுங்குறாங்கன்னு இவனுக்குத் தெரியல. எல்லாருக்கும் குடைய நீட்டுறான், எல்லாரும் கையத் தூக்குறானுங்க!"

"குதிரை இருக்கா?"

"இருக்கு. ஆனா ஏற விடாது. சேணத்த இவன் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கிறான், குதிர சொகமா பின்னால வருது."

"குதிரைக்கு யார் மாதிரி பேசுவீங்க சித்தப்பா?"

"குதிரைக்கு எதுக்குக் குரலு? அது உங்கப்பா மாதிரி. பேசாது, நகரவும் நகராது."

சிரித்து எனக்கு இருமல் வந்தது. பிறகு அவர் ஒரு ஓட்டல்காரனைப் பற்றிச் சொன்னார். அந்த ஊரில் தங்க வருகிறவர்கள் பெயர் எழுத வேண்டிய பெரிய புத்தகம் ஒன்று அவனிடம் இருக்கிறதாம். யார் வந்தாலும் அதைத் திருப்பி வைப்பானாம். கண்ணாடி போட்டிருப்பானாம்.

"இவனுக்குத்தான் யாரைப் போடுறதுன்னு தெரியல," என்றார்.

நான்தான் சொன்னேன். "கிராணி ஐயா!"

சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். "ஒதைதான் விழும் எனக்கு," என்றார். ஆனால் சொல்லிக்கொண்டே முதுகை நிமிர்த்தி, இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளி, "பொறும், பொறும். புத்தகத்தைப் பாத்தாத்தான் சொல்லேலும்," என்றார். அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் கிராணி சொல்லும் வார்த்தை அது. அவரே கிணற்றடிக்கு வந்துவிட்டது போல இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

*

ஏழரை மணிக்குப் படம் தொடங்கியது. முன்வரிசையில் துரை, பக்கத்து நாற்காலியில் கிராணி. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு சித்தப்பா பேச ஆரம்பித்தார்.

நான் பிற்காலத்தில் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன், படங்களைப் பற்றிய புத்தகங்களும் படித்திருக்கிறேன். ஒரு கூட்டம் அப்படிச் சிரித்ததைப் பார்த்ததில்லை. குடைக்காரன் ஊர் நடுவில் நின்று குடையை விரித்ததும் தெருவே காலியானபோது, என் பின்னால் இருந்த பாட்டிமார்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வெயில் தாங்காத குதிரைக்கு அவன் குடை பிடித்துக்கொண்டு நடந்த இடத்தில், "பொண்டாட்டிக்குக்கூட இவன் புடிச்சிருக்க மாட்டான்!" என்று ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் அம்மாள் கத்தினார். சித்தப்பா உடனே குடைக்காரன் குரலில், "அவ கேக்கல அக்கா, இது கேட்டுச்சு," என்று பதில் சொன்னார்.

பிறகு கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஓட்டலுக்குள் துப்பாக்கியோடு நுழைகிறார்கள். ஓட்டல்காரன் பயப்படவில்லை. புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டுகிறான்.

"பொறும், பொறும்," என்றார் சித்தப்பா. "வரிசையா நில்லும். முதல்ல பேர் எழுதும், பிறகு சுடும்."

 யாருடைய குரல் என்று எல்லாருக்கும் உறைக்க ஒரு கணம் ஆனது. பிறகு சிரிப்பு வெடித்தது. திரையில் கொள்ளைக்காரர்கள், தங்கள் தலைவன் முறைத்ததும், நிஜமாகவே வரிசையில் நின்றார்கள். சித்தப்பா அதைப் பெரட்டாகவே ஆக்கிவிட்டார்.

"நேற்று ஏன் வேலைக்கு வரேல்லை?"

"காய்ச்சலுங்க ஐயா."

"காய்ச்சல் எண்டு புத்தகத்தில இல்லையே!"

மண்டோர் சாக்கில் உருண்டார். படம் காட்டும் மலாய்க்காரர்கூட, எதற்கு என்று தெரியாமலே, மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரை விழித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

படத்தின் கடைசிப் பகுதியில், குடைக்காரனிடம் துப்பாக்கி இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டான் என்று அவனை ஊரைவிட்டுத் துரத்த வருகிறார்கள். அப்போது ஓட்டல்காரன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, எல்லார் முன்னாலும் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்து ஏதோ சொல்கிறான். சித்தப்பா அந்த இடத்தில், "தேடிப் பாத்திட்டன். புத்தகத்தில இல்லாத ஆள், ஆளே இல்லை!" என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது.

நான் கிராணியைப் பார்த்தேன். திரையின் வெளிச்சம் அவர் கண்ணாடியில் விழுந்து கண் தெரியவில்லை. வாய் மூடியிருந்தது. இரண்டு கைகளும் முழங்கால் மேல். அப்பாவும் அவரைப் பார்த்தார். "கெடுத்தான் போ," என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

முடிவில் அந்த ஊரில் மழை பெய்கிறது. பல வருடத்துக்குப் பிறகு வந்த மழை. எல்லாரும் தெருவில் இறங்கி ஆடுகிறார்கள். குடைக்காரன் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறான், ஒருவரும் குடை வாங்கவில்லை. கடைசியில் அவனும் தன் குடையை மடக்கிவிட்டு நனைகிறான். ஆனந்தமான முடிவு. ஆனால் திரையில் முதல் துளி விழுந்ததும் எங்கள் திடல் முழுவதும், "ஐயோ, மழ வந்துடுச்சே!" என்று பெருமூச்சு விட்டது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. மறுநாள் ஞாயிறு, வேலையே கிடையாது, பெய்வதோ எங்கோ ஒரு துணியில். இருந்தும் விட்டார்கள்.

சித்தப்பா மைக்கில் மெதுவாகச் சொன்னார். "இவங்களுக்கு மரம் வெட்டுற வேல இல்லம்மா. அதான் ஆடுறாங்க."

*

அடுத்த சில மாதங்களை நான் வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசை முக்கியம்.

அடையாள அட்டையை ஐசி என்போம். அப்பாவுக்கு நீல ஐசி, சித்தப்பாவுக்குச் சிவப்பு. சிவப்பு வைத்திருப்பவர்கள் குடிமக்கள் இல்லை, வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. இருவரும் பிறந்தது இதே மண். ஆனால் சித்தப்பா பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில். அப்போது டவுனுக்குப் போய்ப் பிறப்பைப் பதிந்து, அதற்கான சூராபெரானா சான்றிதழ் வாங்க ஆள் இல்லை. தோட்ட அலுவலகத்தில் பிறந்த குழந்தைகளை எழுதி வைத்த ஒரு புத்தகம் மட்டும் இருந்தது. அன்று அலுவலகத்தில் இளம் கையாளாக இருந்து, பின்னர் அதைப் பொறுப்பெடுத்துக்கொண்டவர் கிராணி. அந்தப் புத்தகத்தைப் பார்த்து, இவன் இங்கே பிறந்தவன் என்று ஒரு கடிதம் எழுதித் துரை கையெழுத்துப் போட்டால், நீல ஐசிக்கு விண்ணப்பம் செய்யலாம் என்று சொன்னார்கள்.

தீபாவளி முடிந்த வாரம் சித்தப்பா அலுவலகத்துக்குப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் அதே வேலையாக நின்றார்கள். நடந்ததை அவரே அன்று மாலை வந்து சொன்னார். கிராணி அலமாரியைத் திறந்தாராம். வெகுநேரம் வெளியே வரவில்லையாம். வந்து, "அந்தக் காலத்துப் புத்தகத்தைக் கறையான் திண்டுட்டுது. ஒண்டும் வாசிக்கேலாது," என்றாராம்.

வரிசையில் நின்ற எவனோ சும்மா இருக்காமல் கத்தியிருக்கிறான். "புத்தகத்தில இல்லாத ஆள், ஆளே இல்லை!"

எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கிராணி கதவைச் சாத்திக்கொண்டாராம்.

"கறையானாம் கறையான்," என்றார் அப்பா. "உன் வாய்தாண்டா கறையான். ஊர் முன்னாடி அந்த மனுசன் மானத்த வாங்குன. விடுவானா?"

 மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "போயி கால்ல விழுந்துட்டு வாங்க தம்பி," என்றார். சித்தப்பா போகவில்லை. வெட்கமா, ரோஷமா, எனக்கு இன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக நாள் தவறாமல் செரம்பானுக்குப் பஸ் ஏறி, அங்கே வரிசைகளில் நின்றார். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். காகிதம் எங்கே?

அந்தக் காகிதம் கிடைத்தால் அவர் எங்களோடு இருப்பார். கிடைக்காவிட்டால், தான் பார்த்தே இராத ஒரு நாட்டுக்குப் போவார். எனக்கு அது புரிந்திருந்தது. கிணற்றடியில் கிராணி பெயரைச் சொன்னது நான்தான் என்பதும் புரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. மாலை. நான் வாசலில் மாவாட்டும் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். அதற்கு முன் லயத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். நான் திரும்பி உள்ளே பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, இல்லை என்று கையை ஆட்டினார்.

"அப்பா இருக்கிறாரோ?"

"இல்லீங்க ஐயா. பாசாவுக்குச் சாமான் வாங்கப் போயிட்டாரு."

அப்பாவின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. கிராணி அதைப் பார்த்தார்.

"சித்தப்பா?"

"செரம்பானுக்கு."

இது மட்டும் உண்மை. கிராணி பொட்டலத்தை ஒரு கக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்.  உள்ளே கேட்க வேண்டும் என்பது போல, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "அப்ப நான் வந்தனான் எண்டு சொல்லும். தமையனிட்ட ஒரு விஷயம் கேக்கோணும். அலுவலகத்துக்கு வரச் சொல்லும்."

அவர் போனதும் அப்பா வெளியே வந்தார். "அலுவலகத்துக்கு வரணுமாம். நாலு பேரு முன்னாடி என்னயும் நிக்க வெச்சுப் பேசணும், அதுக்குத்தான். தம்பிகிட்ட சொல்லிடாத. சொன்னா போயி அடிச்சுப்புடுவான்."

நான் சொல்லவில்லை. அப்பா போகவும் இல்லை.

ரப்பர் மரங்கள் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றபோது சித்தப்பா போனார். ஆகவே அது மாசி மாதமாக இருக்க வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று குடும்பங்களும் அவரும் ஒரே லோரியில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு கறுப்புக் குடை. லோரியில் ஏறியதும் குடையைத் துப்பாக்கி போலத் தோளில் வைத்து என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். அவர் சிரிக்கவில்லை. குடையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

லோரி அலுவலகத்தைக் கடந்தபோது கிராணி வாசலில் நின்றிருந்தார். பாதி தூக்கிய கையோடு. அப்பா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சேலம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சித்தப்பா சேர்ந்தார். நீலக் கடிதத்தாளில் எழுதுவார். மொத்தம் பதினேழு கடிதங்கள், என்னிடம் இருக்கின்றன. எதிலும் ஒரு வேடிக்கை கிடையாது, ஒன்றைத் தவிர. அதில் ஒரு வரி: ‘இங்கே சினிமாக் கொட்டகையில் சீட்டுக் கிழிக்கும் வேலை. படங்களுக்கு நான் பேச வேண்டியது இல்லை, எல்லாம் தமிழிலேயே பேசுகின்றன.’ ஐம்பது வயது ஆவதற்குள் இறந்துபோனார். செய்தி வந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் குடும்பம் கிராணியோடு அதன் பிறகு பேசவே இல்லை. என் கல்யாணத்துக்குத் தோட்டம் முழுவதற்கும் பத்திரிகை வைத்தோம். அவருக்கு வைக்கவில்லை. நீலாயில் மகள் வீட்டில் அவர் காலமான செய்தி வந்தபோது, "போய்ச் சேந்தானா?" என்று மட்டும் அப்பா கேட்டார். அப்பாவும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

*

போன வருடம் மம்பாவில் என் மகள் வீட்டில் இருந்தபோது பேச்சு வாக்கில் குடைக்காரன் படத்தைப் பற்றிச் சொன்னேன். படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. பேத்தி, குடை, குதிரை, ஓட்டல் புத்தகம் என்று மூன்று சொற்களைப் போட்டுப் பத்து நிமிடத்தில் தேடி எடுத்துவிட்டாள். "இதான்லா பாட்டி!" என்று டிவியில் போட்டாள்.

கறுப்பு வெள்ளை. நான் நினைத்ததைவிடச் சின்னப் படம். ஆனால் எவ்வளவு நல்ல படம் என்பது இப்போதுதான் தெரிந்தது. குடைக்காரனாக நடித்தவர் ஒரு இடத்தில்கூடச் சிரிக்க வைக்க முயலவில்லை. அவர் எல்லாரிடமும் மரியாதையாக நடந்துகொள்கிறார், அவ்வளவுதான். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் ஊர் நடுங்குகிறது. இவ்வளவு பணிவாகப் பேசுகிறவன் எத்தனை பேரைக் கொன்றிருப்பானோ என்று. ஊரார் அவனைப் பற்றித் தாங்களே கதை கட்டிக்கொண்டு, தாங்களே அதற்குப் பயப்படுகிறார்கள். சேணத்தைச் சுமந்து நடக்கும் காட்சியை ஒரே ஓட்டமாக, வெட்டாமல் எடுத்திருக்கிறார்கள். தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்து கிட்டே வரும்வரை கேமரா காத்திருக்கிறது. பேத்தி அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். எங்கள் திடலும் சரியாக அந்த இடத்தில்தான் சிரித்தது.

பிறகு ஓட்டல்காரன் வந்தான். அவன் குரலைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மென்மையான, தயங்குகிற குரல். படம் முழுவதும் மொத்தம் ஏழெட்டு வாக்கியம்தான் பேசுகிறான். கொள்ளைக்காரர்களிடம் அவன் கை நடுங்குகிறது. அதை அன்று நான் கவனிக்கவில்லை.

கடைசிப் பகுதி. ஊர் குடைக்காரனைத் துரத்த வருகிறது. ஓட்டல்காரன் புத்தகத்தோடு ஓடி வருகிறான். விரித்து, ஒரு வரியில் விரலை வைக்கிறான். அவன் சொல்வதை முதல் முறையாகக் கேட்டேன். இந்த மனிதர் பெயர் என் புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே இவர் நம் ஊர்க்காரர், யாரும் தொடக்கூடாது என்கிறான்.

சித்தப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. விரலைப் பார்த்து அவராகவே சொல்லிக்கொண்டார். நாங்களும் அவர் சொன்னதைத்தான் பார்த்தோம்.

"நிறுத்தும்மா," என்றேன் பேத்தியிடம். மழைக் காட்சியை நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே கிராணியின் மகளைத் தேட ஆரம்பித்தேன். என்னைவிட நான்கு வயது இளையவர். தோட்டத்தில் ஷூ போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன ஒரே பெண். இரண்டு பேரைப் பிடித்ததில் நம்பர் கிடைத்தது. நீலாய் வீட்டு வாசலிலேயே, நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள், "படம் சொன்னாரே, அவரோட அண்ணன் மகளா? வாங்க அக்கா, வாங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கறையான் அரித்தது உண்மையா என்று கேட்கத்தான் வந்தேன்; என்னால் கேட்க முடியவில்லை. அவரே பேசினார்.

"அந்தப் படத்த நான் பாக்கல அக்கா, அம்மை போட்டு வீட்டுல படுத்திருந்தேன். ஆனா நூறு தடவ பாத்த மாதிரி. அப்பா வந்து முழுசா செஞ்சு காட்டினாரு. சிரிச்சுச் சிரிச்சு அவருக்கு மூச்சு முட்டிருச்சு. அம்மா திட்டினாங்க, கூலிக்காரங்க கேலி செய்றாங்க, நீங்க சிரிக்கிறீங்களேன்னு. அப்பா சொன்னாரு, என்னை இவ்வளவு வடிவா யாரும் பாத்ததில்லையப்பா எண்டு."

"அங்க சிரிக்கலயே," என்றேன்.

"துரை பக்கத்துல உக்காந்திருந்தா கிராணி எப்படிச் சிரிப்பாரு அக்கா? தெரியாதா உங்களுக்கு?"

தெரிந்திருக்க வேண்டும். எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் உள்ளே போய், செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காகிதம் மஞ்சளாகிப் பொடிந்தது. உள்ளே அந்தப் புத்தகம். அட்டை மட்டும்தான் புத்தகம். நடுவில் தாள்கள் எல்லாம் மண்ணோடு சேர்ந்து ஒரே கட்டியாக, புற்றின் ஓடைகளோடு இறுகிக் கிடந்தன. கறையான்தான். வேறு எதுவும் இல்லை.

"தூக்கிப் போடுங்கன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். கேக்க மாட்டாரு. இத பாருங்க."

அட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. சின்னச் சின்ன, நேரான எழுத்து. ஜப்பான் காலத்தில் தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயர்கள். நினைவிலிருந்தும், பிள்ளை பார்த்த மருத்துவச்சியைக் கேட்டும், ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டும் எழுதியிருக்கிறாராம். பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், சாட்சி சொல்லக்கூடியவர். பல வரிகள் முழுமையாக நிரம்பியிருந்தன. அப்படி நிரம்பியவற்றைக் கொண்டு கடிதம் எழுதி, இரண்டு மூன்று பேருக்கு ஏதோ நடந்தது என்று மகள் சொன்னார். எல்லாருக்கும் நடக்கவில்லை. நடந்திருக்கும் என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை.

நான்காவது வரியில் சித்தப்பா பெயர். தாத்தா பெயர். சாட்சி என்ற இடத்தில் மருத்துவச்சியின் பெயரும் கிராணியின் பெயரும். பிறந்த நாள் என்ற இடத்தில் நாள் இல்லை. ‘தமையனைக் கேட்க வேண்டும்’ என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தது.

அந்த மாலை, சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள், என் கையில் இருந்த ஈரம், எல்லாம் அந்த மேசைக்கு வந்தன. நான் அழுததை மகள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என்னைத் தேற்ற நினைத்து, முதுகை நிமிர்த்தி, இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டார்.

"பொறும், பொறும். புத்தகத்தைப் பாத்தாத்தான் சொல்லேலும்."

அது கிராணியின் குரல் இல்லை. கிராணி செய்து காட்டிய சித்தப்பாவின் குரல். அந்த ‘பொறும்’ஐ இழுக்கும் இடம், நடுவில் விடும் மூச்சு, அப்படியே கிணற்றடியில் நான் கேட்டதேதான். ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் அது உயிரோடு இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் ஒரு தடவைகூட அப்படிப் பேசிப் பார்க்கவில்லை.

புறப்படும்போது அவர் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். மேசையிலிருந்து ஒரு பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"நீங்கதான் தேதியெல்லாம் எழுதி வெக்கிறவங்களாச்சே. அந்த ஒரு எடத்த எழுதிடுங்களேன் அக்கா. அப்பாவுக்கு அது மனசுல இருந்துகிட்டே இருந்துச்சு."

படம் காட்டியது சனிக்கிழமை என்று என்னால் நிரூபிக்க முடியும். லோரி போனது மாசியில் என்று சொல்ல முடியும். சித்தப்பா எந்த நாளில் பிறந்தார் என்பது அவருக்கே தெரியாது, அப்பா ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. கேட்க வந்தவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று சொன்னது நான்.

பென்சிலை வாங்கிக்கொண்டேன். புத்தகம் இப்போது என் அலமாரியில், பதினேழு கடிதங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒரு முறை கறையானுக்கு மருந்து வைக்கிறேன். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.